குகைப் பாறையில் பிளீச்சிங் பவுடர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் பக்கத்துக் குகைகளுக்கு வண்ண விளக்கு போட வேண்டும், பாறையில் கிறுக்கிய பெயர்களையும் படிந்திருக்கும் 'அழுக்கையும்' பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும் என்ற பேச்சு சீசன் நெருங்கும்போதெல்லாம் எழுகிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அழுக்கு என்று நினைக்கும் அந்தப் படலத்தில் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. அதைக் கழுவினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களும் அதிகாரிகளும் அறிய வேண்டும் என்றே எழுதுகிறோம்.

பழநி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. சென்னை பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம்தான். சுண்ணாம்புக் குகைகளைப் போல நீர் கரைத்துக் குடைந்தவை அல்ல நம் குகைகள். பாறை பிளந்து, பிளவு அகன்று, மேலிருந்து சரிந்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று அடைத்துக்கொண்டதால் உண்டான சந்துகள். இந்தப் பாறையில் இரும்பு உண்டு. மழைத் தண்ணீர் பிளவு வழியாக ஊறி இறங்கும்போது அந்த இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவருகிறது. வெளிச்சமே இல்லாத இடத்தில் அதுதான் சாப்பாடு. கேலியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இரும்பை ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைத் தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. ஆற்றல் அவ்வளவு குறைவு என்பதால் துளி உடம்பு வளரக் குவியல் துரு சேர வேண்டியிருக்கிறது. கசிவு ஓரத்தில் தெரியும் ஆரஞ்சு நிறக் குழகுழப்பு இப்படிச் சேர்ந்ததுதான்.

இதன்மேல் சில சமயம் எண்ணெய்போல வானவில் நிறத்தில் ஒரு ஏடு மிதக்கும். 'யாரோ டீசல் கொட்டிவிட்டார்கள்' என்று புகார் வருவது இதைப் பார்த்துத்தான். ஒரு சுள்ளியால் தொட்டுப் பாருங்கள். பாக்டீரியா படலமாக இருந்தால் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து, உடைந்தபடியே மிதக்கும். டீசல் என்றால் விலகி, உடனே சுழன்று ஒன்றுகூடிவிடும். அப்போது தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

டார்ச் அடித்தால் சுவரில் வெள்ளையாகவும் பொன்னிறமாகவும் மினுக்கும் புள்ளிகளைச் சில குகைகளில் காணலாம். அவை ஆக்டினோபாக்டீரியா கூட்டங்கள். அவற்றின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக நிற்பதால்தான் அந்த மினுக்கு. முதல் மழைக்கு எழும் மண்வாசனையைத் தருவதும், நாம் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலமாக இருப்பதும் இந்தக் குடும்பமே. அமெரிக்காவின் லெச்சுகீயா குகையில், சுமார் 40 லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்த பாக்டீரியாக்களை ஆராய்ந்தபோது, சில வகைகள் 14 ஆன்டிபயாடிக்குகளை எதிர்த்து நின்றன. 2012-இல் வெளியான முடிவு இது. மருந்துக்கு அடங்காமை ஆஸ்பத்திரியில் மட்டும் பிறந்ததல்ல என்று மருத்துவ உலகம் புரிந்துகொள்ள ஒரு குகைச் சுவர் உதவியிருக்கிறது. ருமேனியாவின் மோவிலே குகையில் காற்றில் ஆக்சிஜன் சாதாரண அளவில் பாதிகூட இல்லை; அங்கும் கந்தகத்தையும் மீத்தேனையும் தின்னும் பாக்டீரியாக்களை நம்பி ஒரு முழு உயிர்க்கூட்டமே வாழ்கிறது. பழநி மலைக் குகைகள் அவ்வளவு கடுமையானவை அல்ல. இங்குள்ள கடுமை பட்டினி. வந்து சேரும் சத்து மிகக் குறைவு; அதற்குப் பழகிய உயிர்கள் இவை.

அதனால்தான் நாம் கொண்டுபோகும் சத்து இவற்றுக்கு எமனாகிறது. வாழைப்பழத் தோல், முறுக்குத் தூள், எச்சில், கற்பூரக் கரி, உடையிலிருந்து உதிரும் நூல், முடி என எல்லாமே அங்கே விருந்துதான். சாப்பிட வருவதோ வேகமாக வளரும் பூஞ்சைகளும் நம் தோல் பாக்டீரியாக்களும். மெதுவாக வளரும் உள்ளூர் உயிர்கள் இடமில்லாமல் ஒழிகின்றன.

விளக்கு இன்னொரு ஆபத்து. நிலையான வெளிச்சம் விழும் இடத்தில் நீலப்பச்சைப் பாசி, பின்பு பச்சைப் பாசி, அதன்மேல் பாசிச்செடி என்று அடுக்கடுக்காக ஏறும். ஆதி மனிதர் ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, ஓவியங்களின்மேல் பச்சை படர்ந்ததால் 1963-இல் மூடப்பட்டது. 2001-இல் அங்கே வெள்ளைப் பூஞ்சை கிளம்பியது. மருந்து அடித்தார்கள், அடுத்து வேறு பூஞ்சைகள் கரும்புள்ளிகளாக வந்தன. எவ்வளவு பணமும் நிபுணர்களும் இருந்தும் பழைய நிலைக்குத் திருப்ப முடியவில்லை.

பிளீச்சிங் பவுடரின் கதையும் அதுவே. குளோரின் சில மணி நேரத்தில் போய்விடும். செத்த உயிர்களின் சக்கை பாறையிலேயே தங்கி, அடுத்த பூஞ்சைக்கு உரமாகும். இதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று: வௌவால் எச்சத்தில் அம்மோனியா உண்டு. அதன்மேல் பிளீச்சிங் கரைசல் பட்டால் குளோரமின் என்ற நச்சுவாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சந்தில் வேலை செய்பவரின் நுரையீரலை அது புண்ணாக்கிவிடும். கூலிக்கு வந்தவரிடம் வாளியைக் கொடுத்து உள்ளே அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது. தூசியோடு, நுரையீரல் நோய் தரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை மூச்சில் ஏறும். எச்சம் உள்ள இடத்தில் நிற்க வேண்டியவர்களுக்கு என்-95 முகக்கவசமாவது தர வேண்டும்.

கிறுக்கல்களை அப்படியே விட வேண்டுமா? வேண்டாம். நுழைவாயில் வெளிச்சத்தில் உள்ளவற்றை மட்டும், சோப்பு போடாத சுத்தமான தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு, ஓர் உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாகத் தேயுங்கள். கீழே பழந்துணியை ஒட்டிப் பிடித்து, வழியும் தண்ணீரை அதிலேயே வாங்கி வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். முறிந்த இரும்புத் துணுக்கு பாறையின் நுண்துளைகளில் தங்கி, அடுத்த மழைக்கே துருக்கறை விழும். அமிலமும் வேண்டாம். பழநி அருகே ஐவர்மலையில் சமணச் சிற்பங்களும், வரகுண பாண்டியன் காலத்து, கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உள்ளன. அப்படிப்பட்ட இடத்தில் தொல்லியல் துறையைத் தவிர யாரும் பிரஷ்ஷே எடுக்கக் கூடாது.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வனத்துறை அனுமதியோடு மாதிரி எடுக்கும்போது சுவரைச் சுரண்ட வேண்டாம். கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் மிளகு அளவு ஒற்றினால் போதும். நுண்ணுயிர் வளர்க்கும் வழக்கமான சத்து மிகுந்த ஊடகமான நியூட்ரியன்ட் அகாரில் 37 டிகிரியில் வைத்தால் மறுநாளே தட்டு நிறைய வளரும். அவற்றில் பெரும்பாலானவை மாணவர்களின் தோலிலிருந்து வந்தவையாகவே இருக்கும். சத்துக் குறைந்த ஆர்-2-ஏ ஊடகத்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்து, அதைக் கெட்டியாக்கும் அகாரை மட்டும் குறைக்காமல், 15 டிகிரியில் இருட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். தட்டு காயாமலிருக்க ஓரத்தில் பாராபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாளைச் சுற்ற வேண்டும். குகைக்குள் சும்மா திறந்துவைத்து மூடிய ஒரு தட்டும் கூடவே இருக்கட்டும். அதில் வளர்ந்தது மற்றதிலும் இருந்தால், அது காற்றிலோ ஆள்மேலோ வந்தது.

வனத்துறையிடமும் சுற்றுலாத் துறையிடமும் கேட்பது இவ்வளவே: குகைகளுக்குள் நிலையான விளக்கு வேண்டாம். பார்வையிடும் இடத்தில் இருந்தே ஆக வேண்டுமென்றால், ஆள் வரும்போது மட்டும் எரியும் மஞ்சள் நிற எல்.இ.டி. போதும், அதையும் பாறையைப் பார்க்காமல் நடைபாதையைப் பார்த்துத் திருப்புங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விடாதீர்கள். அடுத்த சீசனுக்கான துப்புரவு ஒப்பந்தத்தில் 'குகைப் பகுதியில் பிளீச்சிங் பவுடர், பினாயில், அமிலம் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் பணியில் உள்ள வாசகர்கள்,
கொடைக்கானல்.