மேல் பல்லும் கீழ்ப் பல்லும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்ற விஷயமெல்லாம் பிறகு. இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

உன் தாடை வலிக்குப் பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போவதில்லை. போன மாதம் வீடியோவில் பேசும்போது, இட்லியைக்கூட நீ இடது பக்கமே ஒதுக்கி மென்றதைப் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

பயப்படாமல் போ. 2019-இல் இதே வலியோடு எட்டு வாரம் போய்வந்தவள் நான். முதல் நாள் வைத்தியத்தைவிடக் கேள்விதான் அதிகம். கழுத்தைத் திருப்பச் சொல்வார்கள், உட்காரும் விதத்தைப் பார்ப்பார்கள். வலி தாடையில் இருக்க இந்தப் பெண் ஏன் கழுத்தைப் பிடிக்கிறாள் என்று எனக்குக் கோபமே வந்தது. தலையை முன்னால் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தால் தாடைத் தசையும் சேர்ந்து இழுபடும் என்பது பிறகுதான் புரிந்தது. நீயோ நாள் முழுவதும் கணினி முன்னால் இருப்பவள். காதுக்கு முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்வார்கள். எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார்கள். 40 மில்லிமீட்டராவது திறக்க வேண்டும்; மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நுழைய வேண்டும். எனக்கு அன்று இரண்டு விரலே நுழையவில்லை.

பிறகு கையுறை போட்டு, வாய்க்குள் விரல் விட்டுக் கன்னத்துத் தசையை அழுத்துவார்கள். வலிக்கும். தாங்க முடியாவிட்டால் கையை உயர்த்து, நிறுத்திவிடுவார்கள். மறுநாள் வலி கொஞ்சம் கூடினாலும் போவதை விட்டுவிடாதே. ஒரே வாரத்தில் சரியாகிற விஷயம் இல்லை இது.

வீட்டில் செய்வதுதான் பாதி வைத்தியம். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டால் கால் மணி நேரம் ஒத்தடம் கொடு. நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி, தாடை கோணாமல் மெல்லத் திறந்து மூடு. ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளுக்கு ஆறு வேளை. எனக்குச் சொன்ன கணக்கு இது, அவர்கள் வேறு சொன்னால் அதையே கேள். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள். முறுக்கு, சீடை, சூயிங்கம் எதுவும் வேண்டாம். சாப்பிடும் நேரம் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் விலகியே இருக்க வேண்டும்.

'டக்' என்ற சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. வலி இல்லாத சத்தத்துக்குக் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். வாய் பூட்டிக்கொண்டால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. நெஞ்சு அடைத்துத் தாடையும் வலித்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆச்சிக்கு நடந்தது உனக்குத் தெரியும்.

இரவில் நீ பல்லைக் கடிக்கிறாய் என்று பல் மருத்துவர் சொன்னாராமே. அதற்கு உறை செய்து தருவார்கள், போட்டுக்கொள். ஆனால் பாப்பா, கல்யாணம் வரை உன் பக்கத்தில் படுத்தவள் நான். ஒரு நாளும் நீ பல் கடித்ததில்லை.

மொழி தெரியாத ஊரில் தனியாகவே டாக்டரைத் தேடிப் போயிருக்கிறாய். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வாய்? ஆடி மாதம் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துவிட்டு நீ பேசினாயே, அன்று நான் என்ன சொன்னேன்? "பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் இரு, எல்லாம் சரியாகிவிடும்." நீ பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் எதுவும் விழக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதன் பிறகு நீ எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சொன்னது தப்பு.

அந்தப் பிசியோதெரபிப் பெண் என்னிடம், "வீட்டில் மனக்கஷ்டம் ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டாள். அந்த வருடம் நம் வீடு இருந்த நிலை உனக்குத் தெரியும். நான் "இல்லை" என்றேன். உன்னிடமும் கேட்பார்கள். உள்ளதைச் சொல்.

அப்பாவை டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டேன். குழைந்த சோறும் சொதியும் நானே வந்து செய்து தருகிறேன். மாப்பிள்ளை கேட்டால், ஒத்தடம் கொடுக்க அம்மா வருகிறாள் என்று சொல்.

அம்மா