மலைப்பள்ளியில் நின்றுபோன பிரிண்டரும் லினக்ஸ் மீது விழும் பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு ஒண்டிக்கடைக்கு அருகே நகலகம் ஒன்றை நடத்திவருகிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, தேர்வு நுழைவுச்சீட்டு, எஸ்டேட் தொழிலாளர்களின் வைப்பு நிதிக் கணக்கு என்று எங்கள் கடையில் தாளாக வெளிவருபவை பலவும் ஒருவருடைய ஒரு நாள் கூலியோடு தொடர்புடையவை. நாகலூரிலிருந்தோ செம்மடுவிலிருந்தோ பேருந்து பிடித்து வருபவரிடம் “பிரிண்டர் வேலை செய்யவில்லை” என்று சொல்லி அனுப்பினால், அவர் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போய்வர வேண்டும்; அன்றைய வேலை போனது போனதுதான். சமவெளியில் சிறு தொல்லையாகத் தோன்றும் இந்த விஷயத்தைப் பற்றி நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் புதிய தலைமுறை பிராசசரும் இல்லாத கணினிகள் இந்த மலையில் நிறைய உள்ளன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மின்ட், உபுண்டு போன்ற கட்டற்ற (யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும்) இயங்குதளங்களுக்கு மாறுகிறார்கள். எங்கள் கடையின் இரண்டு கணினிகளையும் அப்படித்தான் மாற்றினேன். ஆனால், மாறியவர்களில் சிலர் ஓரிரு வாரங்களில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “லினக்ஸில் பிரிண்ட் வராது” என்பதே அவர்களுடைய பதில். நான் பார்த்தவரையில் இந்த முடிவு பெரும்பாலும் தவறானது. பழுது எங்கே இருக்கிறது என்று படிப்படியாகப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பிரிண்டரை வாங்கியபோதும் அது எந்த இயங்குதளத்தோடு வேலை செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

இடைப்பருவத் தேர்வுக்கு முதல் நாள் மாலை, மலைப்பகுதிப் பள்ளி ஒன்றிலிருந்து என்னை அழைத்தார்கள். வினாத்தாள் வரவில்லை, கணினியை அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு விண்டோஸ் வாங்கினால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டார் என்றார் ஆசிரியை. நான் முதலில் கணினியைத் தொடவே இல்லை. பிரிண்டரின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தேன். பல மாடல்களில் இப்படிச் செய்தால் கணினியின் துணையில்லாமலே ஒரு சோதனைப் பக்கம் வெளிவரும். பக்கம் தெளிவாக வந்தது. எனவே டோனரிலும் உருளையிலும் தாளிலும் குறை இல்லை. அடுத்து, கணினிக்கு அந்த பிரிண்டர் தெரிகிறதா என்று கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். பட்டியலில் அதன் பெயர் இருந்தது. கேபிளும் நலம்.

எஞ்சியிருந்தது நடுவில் உள்ள மென்பொருள். லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனித்துக்கொள்வது கப்ஸ் என்ற அமைப்பு. மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கி 1999-இல் வெளிவந்த இதைத்தான் ஆப்பிள் நிறுவனமும் 2002 முதல் தன் மேக் கணினிகளில் பயன்படுத்திவருகிறது. ஆகவே இது ஏதோ அரைகுறையான மாற்று ஏற்பாடு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. இணைய உலாவியின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டச்சு செய்து, முக்காற்புள்ளியிட்டு, 631 என்ற எண்ணைச் சேர்த்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் பிரிண்டரின் வரிசை “நிறுத்தப்பட்டது” என்ற நிலையில் இருந்தது. அதன் பின்னால் 43 அச்சு வேலைகள் காத்திருந்தன.

நடந்தது இதுதான். பிற்பகலில் மின்சாரம் போயிருக்கிறது. கணினி யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. லேசர் பிரிண்டரோ நேரடி மின்சாரத்தில் இருந்ததால் பாதிப் பக்கத்தில் அணைந்துவிட்டது. ஒரு வேலை தோல்வியுற்றால் அந்த வரிசையை நிறுத்திவைப்பது கப்ஸின் இயல்பான ஏற்பாடு. மின்சாரம் திரும்பினாலும், மனிதர் ஒருவர் “மீண்டும் தொடங்கு” என்று சொல்லும்வரை அது காத்திருக்கும். இதை அறியாத ஆசிரியர்கள் தாள் வரவில்லையே என்று மாறி மாறி அச்சிடச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வரிசையை நான் அப்படியே திறந்துவிட்டிருந்தால் ஒரே வினாத்தாள் நூற்றுக்கணக்கான பக்கங்களாகக் கொட்டியிருக்கும். எனவே காத்திருந்தவை அனைத்தையும் நீக்கிவிட்டு, வரிசையைத் தொடங்கச் சொல்லி, ஒரே ஒரு பிரதியை மட்டும் அனுப்பினேன்.

அப்போதும் தாள் வரவில்லை. தாள் விளக்கு மட்டும் மின்னியது. இயங்குதளத்தை நிறுவியவர் மொழியைத் தேர்வு செய்யும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அப்படிச் செய்தால் தாளின் அளவும் பல நேரங்களில் அமெரிக்காவின் லெட்டர் அளவாக அமைந்துவிடும். லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் 210-க்கு 297. தட்டில் ஏ4 இருக்க, பிரிண்டர் லெட்டர் தாளைக் கேட்டுக் காத்திருந்தது. கப்ஸ் பக்கத்திலும், வினாத்தாளைத் தயாரித்த லிப்ரே ஆஃபீஸ் மென்பொருளின் கோப்பிலும் அளவை ஏ4 என்று மாற்றினோம். வினாத்தாள் வந்தது. விண்டோஸுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

அதே இரவில் தமிழ் எழுத்துருவும் ஒரு சிக்கலைத் தந்தது. விண்டோஸ் கணினியில் லதா எழுத்துருவில் அமைத்த வினாத்தாளை லினக்ஸில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாததால் லோகித் தமிழோ நோட்டோவோ அதனிடத்தில் வந்து அமரும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் நகர்ந்து, இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கமாகிவிடும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பானால் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே வரும். இவை பிரிண்டரின் குற்றமல்ல என்பதைக் கண்டறிய, அச்சிடுவதற்கு முன் கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றித் திரையில் பார்த்தால் போதும். திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் பிழை என்றால்தான் பிரிண்டர் பக்கம் திரும்ப வேண்டும். எல்லாக் கணினிகளிலும் ஒரே குறியீட்டில் எழுத்துகளைக் காட்டும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு ஏற்று 2010-இலேயே ஆணையிட்டுவிட்டது. இன்றும் பழைய எழுத்துருக்களில் வினாத்தாள் தயாரிப்பது தேவையற்ற வேதனை என்று ஆசிரியப் பெருமக்களிடம் அன்போடு கூறிக்கொள்கிறேன்.

மலையில் அடிக்கடி வரும் இன்னொரு புகார் வைஃபை பிரிண்டர்களைப் பற்றியது. மின்தடை நீங்கி ரவுட்டர் மீண்டும் இயங்கத் தொடங்கும்போது பிரிண்டருக்கு வேறொரு பிணைய முகவரியைக் கொடுத்துவிடக்கூடும். கணினியோ பழைய முகவரிக்கே அச்சு வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்பில் அந்த பிரிண்டருக்கு நிலையான ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது. சில நேரங்களில், கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு அதே பிரிண்டர் இரண்டு பெயர்களில், ஒன்று பின்னால் 2 என்ற எண்ணோடு, பட்டியலில் நிற்கும்; தானாகத் தேர்வாகும் பிரிண்டராகப் பழைய பெயரே இருப்பதால் வேலைகள் அங்கே போய் உறங்கும். பழையதை நீக்கினால் முடிந்தது.

உண்மையாகவே கடினமான பிரச்சினையும் ஒன்று உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. கப்ஸ் அனுப்பும் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்ற ஒரு வடிகட்டி மென்பொருள் வேண்டும். மலிவான லேசர் பிரிண்டர்கள் பலவும் தமக்கென்று தனிமொழி வைத்திருக்கின்றன. கேனன் எல்பிபி 2900 பேசுவது கேப்ட் என்ற மொழி. ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு, அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே இயங்கும் மென்பொருளை, கணினி ஏற்றித் தர வேண்டும். ஹெச்பி பிரிண்டர்களுக்காக ஹெச்பிலிப் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆயினும் சில மாடல்களுக்கு பிளகின் என்ற மூடிய (மூல நிரல் வெளியிடப்படாத) கூடுதல் பகுதியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். ஹெச்பிலிப்பின் பதிப்பும் பிளகினின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், நேற்றுவரை ஓடியது இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் நின்றுபோகும். அவ்வேளைகளில் “ஃபில்டர் ஃபெயில்டு” (வடிகட்டி தோல்வியுற்றது) என்ற செய்தி வரும். அதைக் கண்டால் கேபிளையும் தாளையும் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் பிளகினையும் மறுபடி நிறுவ வேண்டும். காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றால், வார் என்ற அடைவுக்குள் லாக், அதற்குள் கப்ஸ், அதற்குள் எரர் லாக் என்ற பதிவேட்டைத் திறந்து, ஆங்கில ஈ எழுத்தில் தொடங்கும் வரிகளைப் படிக்க வேண்டும். நோயாளி தன் வாயால் சொல்லும் வலி அந்த வரிகளில்தான் இருக்கிறது.

எங்கள் கடையில் எனக்கே நேர்ந்த அனுபவம் இது. மழைக்காலத்தில் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து நிற்கும். பிரித்து வைத்த தாள்கட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். லேசர் பிரிண்டரின் சூட்டில் அது சுருண்டு சிக்கிக்கொள்ளும். லினக்ஸுக்கு மாறியது ஜூலை மாதம் என்பதால், இரண்டு நாள் நானும் இயங்குதளத்தையே சந்தேகித்து டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில் திரும்பிப் போனவர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. இப்போது தாள்கட்டுகளை மூடி போட்ட பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

இனி, வாங்குவோரிடம் என் வேண்டுகோள். கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டர் காரணம் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தானே செய்தி அனுப்பும்படி அதைத் திருத்த அங்கே பணியாற்றிய நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். பழைய பிரிண்டருக்கு அப்படித்தான் செய்திருந்தார். புதியதன் மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அவர் அறிவித்ததற்கு அந்த மறுப்பும் ஒரு தூண்டுதல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மூடிய மொழி பேசும் பிரிண்டரை நாம் பொதுப்பணத்தில் வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரத்தையோ ஆப்பிளின் ஏர்பிரிண்ட் முறையையோ பின்பற்றும் பிரிண்டர்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐபோனிலிருந்து எந்தச் செயலியும் நிறுவாமல் அச்சிடும் பிரிண்டர் என்றால், இன்றைய லினக்ஸிலும் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே அச்சிடும்.

மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் அம்மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிட்டுவருகிறது. கணினிக்குக் காட்டிய இந்த அக்கறையைப் பிரிண்டருக்கும் காட்ட வேண்டும். பள்ளிகளுக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பிரிண்டர் வாங்கும் ஆணையில், “கூடுதல் டிரைவர் இல்லாமல் லினக்ஸில் அச்சிட வேண்டும், ஒப்படைக்கும்போது தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் காட்ட வேண்டும்” என்ற வரியை மாவட்ட நிர்வாகம் சேர்க்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணினியை அமைத்துத் தரும் ஒப்பந்ததாரர் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தம்மோடு எடுத்துச் சென்றுவிடுவதும் நடக்கிறது. அது இல்லாமல் நின்றுபோன வரிசையைத் திறக்க முடியாமற்போகலாம். ஒட்டிய உறையில் அதைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

சொந்தமாக வாங்குவோர், லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றையும் மடிக்கணினியையும் கடைக்கே எடுத்துச் செல்லலாம். மடிக்கணினியில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கி, ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். சேலம் ஐந்து ரோட்டில் நான் அப்படித்தான் வாங்கினேன். கடைக்காரர் மனமுவந்து ஒத்துழைத்தார். அத்தகைய பென் டிரைவ் வேண்டுவோருக்கு எங்கள் கடையில் கட்டணமின்றிப் பதிந்து தருகிறேன். பென் டிரைவை மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டம் அதிகம் என்பதால், வார நாள்களில் வந்தால் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
நகலக உரிமையாளர்,
ஒண்டிக்கடை, ஏற்காடு,
சேலம் மாவட்டம்.