குட்டியின் வீட்டுப்பாடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று சாயங்காலம் குட்டி கூப்பிட்டான். நீ உள்ளே படுத்திருக்கிறாய் என்றான், அதனால் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தமிழ் வகுப்பில் 'முன்னேறு' என்ற சொல்லைக் கொடுத்து, நேர்ப்பொருளில் இரண்டு வாக்கியம், உருவகமாக இரண்டு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். 31 வருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம், எனக்கு வேறென்ன வேண்டும், ஒரு மணி நேரம் பேசினோம்.

'வரிசையில் நின்றவர்கள் ஓரடி முன்னேறினார்கள்' என்றால் கால் நகர்கிறது, இடம் மாறுகிறது. 'கணக்கில் முன்னேறினாள்' என்றால் கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறாள். இவ்வளவுதான் சொன்னேன், பிடித்துக்கொண்டான். உன்னை மாதிரியே கற்பூர புத்தி. உடனே கேட்கிறான், 'பாட்டி, காய்ச்சல் முன்னேறியது என்று எழுதலாமா?' கூடாதுடா, காய்ச்சல் ஏறும், நோய் முற்றும், தீ பரவும், கடன் பெருகும், எதுவும் முன்னேறாது என்றேன். எதிரிப் படைகூட முன்னேறலாம், ஏனென்றால் அங்கே நிஜமாகவே கால் நடக்கிறது. உருவகமாக வரும்போது மட்டும் அந்தச் சொல் நல்லதைத்தவிர வேறெதையும் சுமக்காது. சதுரங்கத்தையும் காட்டினேன். சிப்பாய்க்கு முன்னால் போக மட்டும்தான் தெரியும், பின்னால் வரவே முடியாது, ஆனால் வழியில் ஒரு காய் நின்றுவிட்டால் அப்படியே நிற்க வேண்டியதுதான். நிற்பதும் ஆட்டத்தில் சேர்த்திதானா என்று கேட்டான். சேர்த்திதான் என்றேன்.

சரி, அவன் எழுதிய முதல் வாக்கியத்தைச் சொல்கிறேன். 'அம்மா ராத்திரி வாசல் கதவு வரை முன்னேறினார், அப்புறம் திரும்பிவிட்டார்.' கதவு வரை 'நடந்தார்' என்று போட்டால் போதுமே என்றேன். 'இல்லை பாட்டி, ரொம்ப மெதுவாகப் போனார், பூட்டைத் தொட்டார், முன்னேறினார்தான்' என்றான்.

நான் அவனிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, அவ்வளவுதான். முன்பெல்லாம் நீ வேலைக்குப் போகும் வழியில்தான் கூப்பிடுவாய், பேச்சுக்கு நடுவே உன் செருப்புச் சத்தம் கேட்கும், படியேறும்போது மூச்சு வாங்கும், 'அப்புறம் பேசறேம்மா' என்று பாதியில் வைத்துவிடுவாய், எனக்குக் கோபம் வரும். இந்த இரண்டு மாதமாக உன் குரலுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. மாடி வீட்டு விஷயம், அண்ணன் பெண்ணின் கல்யாணப் பேச்சு எல்லாம் எழுத நினைத்தேன், ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. ராத்திரி தூங்கு, மாத்திரை போட்டுத் தூங்காதே, தூக்கம் தானாக வரவேண்டும். பகலில் ஒரு தடவையாவது வெளியே போய் நட.

நீ எப்போதும் முதலாவதாக வந்தவள். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை, 'அம்மா, இப்படி' என்று ஒரே ஒரு வார்த்தை, எனக்குச் சொல்ல உனக்கு மனம் வரவில்லையே. அடுத்த வீட்டுக்காரியா நான்?

குட்டி இன்னொன்றும் கேட்டான். 'முன்னாடி' என்றால் முன்பு நடந்ததா, எதிரில் இருப்பதா? இரண்டும்தான். முன்னொரு காலம் என்றால் கடந்துபோனது, முன்னே பார் என்றால் கண்ணெதிரே இருப்பது. ஒரே 'முன்'தான். பதில் சொல்லிவிட்டேன், ஆனால் ராத்திரி முழுக்க என் மனசு அந்தக் கடந்துபோன முன்னாடிக்கே போய்க்கொண்டிருந்தது.

பதவி உயர்வை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் வேண்டாமென்று சொன்னேன் என்று நான் சொல்லாத நாளில்லை. நீ பத்தாவது படிக்கும்போது, கல்லூரிக்குப் போகும்போது, முதல் வேலையை விட நினைத்தபோதுகூடச் சொன்னேன். அது பொய், பாப்பா. யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அதற்கான துறைத் தேர்வை இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் தவறினேன். இரண்டாவது தடவை முடிவு வந்த அன்று பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று முகம் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, உன் இலக்கண நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிழைக்கும் உன்னைத் திட்டினேன். அந்த நீல நோட்டு. உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் அப்பாவுக்குக்கூடக் கடைசிவரை சொல்லவில்லை. 'முன்னேறு' தன்வினை, 'முன்னேற்று' பிறவினை என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வீட்டில் நான் தவறிய தேர்வையெல்லாம் உன்னை எழுத வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பேச்சில்லாமல் படுத்திருந்தபோது டாக்டர் வந்து 'நல்ல முன்னேற்றம்' என்றாரே, நாமெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தோமே, இடதுகைச் சுண்டுவிரல் அசைந்திருந்தது. அன்றைக்கு நீ அழுதாய், நான் அழவில்லை. நேற்று ராத்திரி அழுதேன்.

சாப்பிடு. ஒரு தடவையாவது வெளியே போய் நட, தெருமுனை வரைக்கும் போதும்.

மற்ற மூன்று வாக்கியங்களையும் குட்டிக்குத் திருத்திக் கொடுத்துவிட்டேன். கதவு வாக்கியத்தில் கை வைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். உனக்குப் பேச வரவில்லை என்றால் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள், நான் பேசுகிறேன்.

அம்மா