அப்பாவின் டை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாள் எழுதாதே, படிக்காதே என்று டாக்டர் கட்டளை. நேற்றுத்தான் விடுதலை. முதல் கடிதம் உனக்கு.

மகளைப் பற்றிப் புலம்பியிருக்கிறாய். 'ஆனி ஹால்' பார்த்த நாளிலிருந்து அப்பாவின் பழைய கோட், டை, தொளதொள பேண்ட் என்றே கல்லூரிக்குப் போகிறாள், சுயமாக இல்லாமல் யாரோ நடிகையாக மாறப் பார்க்கிறாள் என்று. படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

1977இல் வந்த படம் அது. அதில் நாயகி டயன் கீட்டன் போட்டிருப்பது பெரும்பாலும் அவருடைய சொந்த ரசனைதான். அந்த ரசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? நியூயார்க் தெருக்களில் கண்ணில்பட்ட பெண்களிடமிருந்து திருடியதாக அவரே எழுதியிருக்கிறார். தெருவில் நடந்த உடை திரைக்குப் போய், அங்கிருந்து உன் வீட்டு அலமாரிக்கு வந்திருக்கிறது. இதில் யாரைக் காப்பி என்பது?

நாம் மட்டும் என்ன ஒழுங்கா? 'டாப் கன்' பார்த்துவிட்டு டாம் க்ரூஸ் மாதிரி கறுப்புக் கண்ணாடி வாங்கி, இருட்டு அரங்கிலும் கழற்றாமல் நான் படியில் உருண்டேனே! ஆனால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத நான் நாலு பேரிடம் பேச ஆரம்பித்தது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துதான். கண்ணாடி உடைந்து எவ்வளவோ காலம் ஆகிறது. பேச்சு நின்றபாடில்லை, உனக்கே தெரியும்.

அப்புறம் ஒரு கூத்து. டிஸ்னி பூங்காக்களில் பெரியவர்கள் சாதாரண நாளில் வேஷம் கட்டி வரக்கூடாது என்று விதி. ரசிகர்கள் விடுவார்களா? வேஷத்தை விட்டுவிட்டு, பாத்திரத்தின் நிறங்களை மட்டும் அன்றாட உடையில் கொண்டுவந்துவிட்டார்கள். டிஸ்னிபவுண்டிங் என்று அதற்குப் பெயர். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நானும் ஒருநாள் நீலச் சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பனோடு அலுவலகம் போனேன். இந்த வயதில்தான்! ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மாலையில் லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் மட்டும் குனிந்து, "யார் ஆப்பிள் கொடுத்தாலும் வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். விஷ ஆப்பிள் தின்று மயங்கிய ஸ்னோ ஒயிட்டுக்கு அன்று ஒரே ஒரு ரசிகை. அது போதுமாக இருந்தது.

படத்தின் பெயரை ஒட்டி விற்கும் ரெடிமேட் செட்டை அப்படியே வாங்கிக் கொடு என்று அவள் அடம்பிடித்திருந்தால் நானும் உன் பக்கம் நின்றிருப்பேன். இவளோ அப்பாவின் பெட்டியைக் கிளறி, தனக்குச் சரிப்பட்டதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். இருக்கட்டும் விடு.

ஒன்று மட்டும் எழுது. டை முடிச்சு யார் போட்டுவிடுகிறார்கள்? உன் வீட்டுக்காரருக்கே அது வராதே!

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி