மலையில் ஒரு தொழுவம்

மதுரை,
பங்குனி 4

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. தை பிறந்ததும் கொடைக்கானல் போனவன், போன வாரம்தான் இறங்கினேன். ஏரியில் படகு விடப் போகவில்லை, சாக்கடை பார்க்கப் போனேன். சிரித்துக்கொள். என்னைப் போல் ஓய்வு பெற்றவனை வேறு எதற்கு அழைப்பார்கள்?

தெற்குச் சரிவில் முப்பது குடில்கள் கொண்ட ஒரு விடுதி. சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் நாறுகிறது. மூட்டை மூட்டையாக நுண்ணுயிர்ப் பொடி வாங்கிக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள், பலனில்லை.

ஒரு திங்கட்கிழமை காற்றூட்டும் தொட்டியில் ஒரு லிட்டர் மொண்டு, கண்ணாடிக் குடுவையில் 30 நிமிடம் அசையாமல் வைத்தேன். நல்ல தொட்டியென்றால் பழுப்புக் கசடு குடுவையின் கால்வாசிக்குப் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும், மழை பெய்த மண் போல வாசம் வரும். இங்கே அடியில் இரண்டு விரல் கறுப்புச் சேறு, மேலே கலங்கல், அழுகிய முட்டை நாற்றம்.

நீ மாடு வளர்க்கிறவன், சட்டென்று பிடிபடும். அந்தக் கசடுதான் தொழுவம். அழுக்கைத் தின்னும் உயிர்கள் அதில்தான் இருக்கின்றன. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், எல்லோரும் வெளியே கொட்டிய அந்தச் சேற்றைத் தொட்டியிலேயே வைத்துக் காற்றடித்துப் பார்த்ததில் பிறந்த முறை இது. விடுதியில் வாரத்தில் ஐந்து நாள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். சனி, ஞாயிறு தொண்ணூறு பேர். ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று கணக்குப் போட்டால், ஆயிரம் லிட்டர் வந்த இடத்தில் திடீரென்று ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஐந்து நாள் பட்டினி போட்ட மாட்டின் முன்னால் ஆறாம் நாள் வைக்கோற்போரைச் சரித்தால் என்ன ஆகும்? போதாததற்கு, மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். மூச்சையும் பிடுங்கிவிட்டுப் பொடி போட்டால் யார் பிழைப்பது?

குளிர் இன்னொரு பக்கம். தை மாத இரவில் எட்டு டிகிரிக்கு இறங்குகிறது. நம்மைப் போலவே அந்த உயிர்களும் சுருண்டு படுத்துவிடும். சமையற்கட்டு எண்ணெய் குழாய்க்குள் மெழுகாக உறைகிறது.

பெரிதாக எதையும் கட்டவில்லை. கைவிட்டுக் கிடந்த 15,000 லிட்டர் பழைய தொட்டியைக் கழுவி, கூட்ட நாள் கழிவுநீரை அங்கே பிடித்துவைத்தேன். அது அழுகாமலிருக்கக் கொஞ்சம் காற்று. அங்கிருந்து சின்ன பம்பு வாரம் முழுக்கச் சீராக, நாளொன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் அளவில் தள்ளிவிடும். சமையற்கட்டு வாயிலில் எண்ணெய் பிடிக்க ஒரு தொட்டி, அதை இரண்டு நாளுக்கொருமுறை வழித்தெடுக்க ஓர் ஆள். மோட்டார் இரவும் ஓடவேண்டுமென்று உரிமையாளரிடம் வாதாடியதுதான் உள்ளதில் கடினமான வேலை. ஐந்தாம் வாரம் குடுவையில் பழுப்பு நிறம் திரும்பியது. பங்காளி, சொன்னால் நம்பமாட்டாய், அதை மோந்து பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வீட்டில் சொன்னேன், குளித்துவிட்டு வரச்சொன்னாள்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தச் சரிவின் ஓடை பாம்பாற்றில் சேருகிறது. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து, வராக நதியில் கலந்து, வைகைக்கு வருகிறது. மேலே அவர்கள் கழுவிவிட்டது, நடுவில் உன் தோப்பு, கடைசியில் நான். அருவியில் தலையைக் கொடுத்து நிற்பவர்களிடம் இதைச் சொல்லிவிடாதே. முப்பது குடில்களுக்கு ஒரு தொட்டியைச் சரிசெய்தாயிற்று. செப்டிக் டேங்க் நிரம்பி ஓடைக்கு வழியும் குடில்கள் அந்தச் சரிவில் எத்தனையோ கண்ணில் பட்டன.

உண்மையான சோதனை இனிமேல்தான். அழகர் ஆற்றில் இறங்கி முடிந்ததும் கூட்டம் மலையேறும், மே முழுக்கத் தினமும் தொண்ணூறு பேர். பிடித்துவைக்கும் தொட்டிக்கு அப்போது ஓய்வு நாளே கிடையாது. இன்னொரு காற்றூட்டும் தொட்டி கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. சித்திரைக் கடைசியில் மறுபடி போகிறேன். இறங்கும்போது பெரியகுளத்தில் ஒரு நாள் தங்குவேன். காசாலட்டு மாங்காய் பழுத்திருந்தால் எடுத்து வை.

அன்புடன்,
உன் பங்காளி