சைக்கிளுக்கும் ஒரு காட்டுத் தடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 49. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் திரும்பி வந்து கடையைத் திறந்துவிடுவேன். நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரம் மண்பாதையில் சைக்கிள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம், எம்டிபி எனும் பழைய மலைச் சைக்கிள் ஒன்றைப் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கினேன். பதினோரு வருடம் ஆகிறது. உடம்புக்காகத்தான் ஆரம்பித்தேன். இப்போது சர்க்கரை இல்லை என்று சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.

வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றி, கொளப்பாக்கம், நெடுங்குன்றம் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் புதர்க்காடு மிச்சம் இருக்கிறது. களாவும் காரையும் சூரையும் முட்டிக்கால் வரை உரசும். களா பூத்திருந்தால் மல்லிகை போல ஒரு வாசம் வரும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நின்று, டயரில் ஐம்பது பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் காற்றை முப்பதுக்கு இறக்குவேன். அப்போதுதான் டயர் பரந்து சரளையைப் பிடிக்கும். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் பத்தடி முன்னால் வைக்க வேண்டும். முன் பிரேக்கை விரலால் தொட்டுத் தொட்டு விட வேண்டும், இறுக்கிப் பிடித்தால் சரளை காலை வாரிவிடும். முன்பெல்லாம் சீமைக்கருவேல முள் வாரத்துக்கு ஒரு டியூபைப் பதம் பார்க்கும். இப்போது டியூப் இல்லாத டயரில் பால் மாதிரி சீலன்ட் ஊற்றிக்கொள்கிறோம், முள் குத்திய ஓட்டையை அதுவே அடைத்துவிடும். வழியில் புள்ளிமான் நின்றால் நாங்களும் ஒரு காலை ஊன்றி நிற்போம். அது போன பிறகுதான் பெடல். ஞாயிறுதோறும் சேர்ந்து ஓட்டும் எங்கள் பன்னிரண்டு பேருக்குள் எழுதாத சட்டம் அது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் வனத்துறை வாட்சர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "சார், இந்தக் கல்லுக்கு அப்பால காப்புக்காடு. பர்மிஷன் இல்லாம வரக்கூடாதுங்க" என்றார். எங்களுக்கு அந்த எல்லை தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து அந்தக் கல்லைத் தாண்டுவதில்லை. ஏரிக்கரை, புறம்போக்கு மண்பாதை என்று வெளியிலேயே சுற்றுகிறோம். அதிலும் பாதி மனைகளாகிவிட்டது. மீதியில் இரவோடு இரவாக லாரியில் கட்டடக் கழிவு கொட்டுகிறார்கள், மது பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். போன ஆடி மாதம் அப்படி ஒரு குவியலை ஒட்டித் திரும்பும்போது பின்சக்கரம் நழுவி விழுந்தேன். உள்ளங்கையில் கண்ணாடி ஏறி ஆறு தையல். அடுத்த ஞாயிறு சைக்கிளை விட்டுவிட்டுச் சாக்கோடு போனோம். ஒரு பர்லாங் தூரத்தில் நான்கு சாக்குக் கண்ணாடி பொறுக்கினோம். ஆடு மாடு மேய்கிற இடம் அது.

நான் கேட்பது இதுதான். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 நடைப்பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பணம் கட்டி, வழிகாட்டியோடு போகலாம் என்றார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. அதே ஒழுங்கில், சென்னைக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கு ஒரே ஒரு தடம் கொடுங்கள். நடுக்காட்டைக் கேட்கவில்லை. ஏற்கெனவே ரோந்து ஜீப் போகும் ஓரப்பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் கிடைத்தால் போதும். நன்மங்கலம் காப்புக்காட்டை மட்டும் கேட்க மாட்டேன். அது 320 ஹெக்டேர்தான். அங்கே பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அதன் வீட்டு வாசலில் சைக்கிள் வேண்டாம்.

சைக்கிள் ஓடினால் மண் அரிக்கும் என்று சொல்வார்கள். தடத்தைத் தப்பாகப் போட்டால் அரிக்கத்தான் செய்யும். மேலிருந்து கீழே நேராக இறங்கும் பாதையில் மழைத்தண்ணீர் ஓடி, ஒரே பருவத்தில் அதை ஓடையாக்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே, வளைந்து வளைந்து போகும் தடம் அப்படி ஆகாது. சராசரி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மலையின் பக்கச் சரிவு எத்தனை சதவீதமோ அதில் பாதிக்கு மேல் போகவும் கூடாது. பள்ளப் பக்க விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் தடத்தில் தங்காமல் குறுக்கே வழிந்துவிடும். உலகம் முழுக்கத் தடம் போடுபவர்கள் பின்பற்றும் கணக்கு இது. பிரிட்டனின் வேல்ஸில் கோய்ட் அ பிரெனின் என்ற அரசு வனத்தில் 1990களிலேயே மலைச் சைக்கிளுக்கென்று தடம் வெட்டினார்கள். அங்கே வனத்துறை நிலத்தில் முடிந்தது இங்கேயும் முடியும். ஈர மண்ணில் ஓட்டாமல் இருப்பது அதைவிட முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு இரண்டு நாள் நாங்கள் மண்ணைத் தொடுவதே இல்லை. தடம் கிடைத்தால் மழைநாளில் அதை மூடிவிடுங்கள், யாரும் முணுமுணுக்க மாட்டோம்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்தால் போதும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வையுங்கள். ஹெல்மெட் இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். மோட்டார் பைக்கை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கட்டணம் வாங்கி, அதிலிருந்தே உள்ளூர் இளைஞர் இரண்டு பேரை வாட்சராக வைக்கலாம். எங்கள் குழுவில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், முதலுதவி சொல்லித்தரத் தயார். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, கணக்கு வழக்கைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு மண்வெட்டியோடு வந்து தடத்தைச் சரிசெய்வோம் என்று பன்னிரண்டு பேரும் எழுதிக் கொடுக்கிறோம்.

மனு தயாராக இருக்கிறது. இப்படி ஒரு தடத்துக்கு அனுமதி கேட்டு எந்த அதிகாரியிடம் போக வேண்டும், மாவட்ட வன அலுவலரிடமா அல்லது அதற்கு மேலேயா என்று உங்கள் செய்தியாளர் விசாரித்து வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரம் வாசகர் ஒருவர்,
சென்னை