குட்மன் எப்படி ‘பிரிட்டிஷ் மருத்துவர்’ ஆனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற தமிழகத்துக்காரர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். மாரியப்பன் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று முறை மேடையேறியதையும், துளசிமதியின் வெள்ளியையும் நிறைவாக எழுதியிருந்தீர்கள். நான் எழுத உட்கார்ந்தது அதிலிருந்த ஒரே ஒரு வரிக்காகத்தான். பாராலிம்பிக் போட்டிகளைத் தொடங்கி வைத்தவர் லுட்விக் குட்மன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள்.

தப்பு என்று சொல்ல முடியாது. 1945-இல் அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது, 1966-இல் சர் பட்டமும் கிடைத்தது. ஆனால் 39 வயதுவரை அவர் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர். அங்கே இருக்க விடாமல் விரட்டப்பட்டதால்தான் இங்கிலாந்துக்காரர் ஆனார்.

எனக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 2011-இல் என் அண்ணன் தேங்காய் பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தேடப் போய்த்தான் இந்த மனிதரின் கதை எனக்குக் கிடைத்தது.

குட்மன் பிறந்தது 1899-இல், அப்போது ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் டோஸ்ட் என்ற சிற்றூரில். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. 1917-இல், டாக்டருக்குப் படிக்கும் முன்பே, ஒரு விபத்து மருத்துவமனையில் உதவிக்குப் போயிருந்தார். முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாட்டசாட்டமான இளைஞர். குறிப்பெல்லாம் எழுத வேண்டாம், சில வாரத்தில் போய்விடுவார் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்தே வாரத்தில் அப்படியே நடந்தது. உயிரைப் பறித்தது எலும்பு முறிவு அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து ரத்தத்தில் ஏறிய நஞ்சு.

பிறகு அப்போதைய ஜெர்மன் நகரமான பிரெஸ்லாவில் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற பெரிய நரம்பியல் நிபுணரிடம் வேலை செய்து பெயர் வாங்கினார். 1933-இல் ஹிட்லர் வந்ததும் யூதர் என்பதற்காக அந்த வேலை போனது. அங்கிருந்த யூத மருத்துவமனைக்கு மாறி, 1937-இல் அதன் தலைவரானார். 1938-இல் யூத டாக்டர்களின் உரிமத்தையே ரத்து செய்தார்கள். அனுமதி பெற்ற கொஞ்சம் பேர் மட்டும் யூதர்களுக்கு வைத்தியம் பார்க்கலாம், ஆனால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது, ‘நோயாளிகளைக் கவனிப்பவர்’ என்றுதான் போட வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்களே!

அந்த ஆண்டு நவம்பர் 9 இரவில் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் உடைத்தார்கள், ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் வந்து கேட்டாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குட்மன் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். 64 பேர் சேர்ந்தார்கள். மறுநாள் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்து, ஒரே ராத்திரியில் இத்தனை நோயாளிகள் எப்படி என்று கேட்டது. குட்மன் ஒவ்வொரு கட்டிலாகக் கூட்டிப்போய் இவருக்கு இந்த நோய், அவருக்கு அந்த நோய் என்று விளக்கினார். படுத்திருந்தவர்களிடம் முகத்தைக் கோணிக் காட்டி, அவர்களும் அப்படியே செய்ததும், பாருங்கள் இவருக்கு வலிப்பு என்றாராம். 60 பேர் தப்பினார்கள்.

அடுத்த மாதங்களில், போர்ச்சுகலில் அந்நாட்டு சர்வாதிகாரி சலாசரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க நாஜி அரசே அவரை அனுப்பியது. டாக்டர் பட்டம் பறித்தவர்களுக்கே டாக்டர் தேவைப்பட்டார். திரும்பும் வழியில் லண்டனில், அகதி அறிஞர்களுக்கு உதவும் சங்கம் ஒன்றின் மூலம் இங்கிலாந்தில் குடியேற ஏற்பாடானது. 1939 மார்ச் 14 அன்று மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்தில் இறங்கினார். சங்கம் கொடுத்தது 250 பவுண்டு.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி வேலை. பெரிய மருத்துவமனையை நடத்தியவருக்கு நோயாளிகள் இல்லாமல் கை அரித்திருக்கும். போரில் முதுகெலும்பு உடைந்த சிப்பாய்களுக்காக ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் ஒரு பிரிவு தொடங்கி அவரைக் கூப்பிட்டார்கள். பிழைக்காத கேஸ்கள் என்று மற்றவர்கள் ஒதுங்கிய வேலை. என் முறைப்படி நடத்த விட்டால் வருகிறேன் என்றார். 1944 பிப்ரவரி 1 அன்று அது திறந்தது.

அவர் முறை என்ன? மாவுக்கட்டில் கிடத்தி வைக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீர்க் குழாய் போடுவதில் சுத்தம், சுத்தம், சுத்தம். செய்கிறார்களா என்று பார்க்க ராத்திரியில் வார்டைச் சுற்றி வருவாராம்.

விளையாட்டு அப்புறம் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் கைத்தடியால் எதையோ தட்டி விளையாடுவதைப் பார்த்ததில் தொடங்கி, 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 14 ஆண்களும் 2 பெண்களுமாக 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். 1952-இல் நெதர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். 1960-இல் ரோமில் 23 நாடுகள் கலந்துகொண்டன. அதுதான் முதல் பாராலிம்பிக். உங்கள் கட்டுரை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

எங்களுக்கு அந்த இரண்டு மணி நேரக் கணக்கை யாரும் முதலில் சொல்லவில்லை. அசைத்தால் வலிக்குமோ என்று அண்ணனை நாள் முழுக்க மல்லாக்கவே படுக்க வைத்திருந்தோம். மூன்றாம் வாரம் பின்இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். பிசியோதெரபிக்கு வந்த பெண்தான் அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அம்மாவும் அண்ணியும் நானும் போனில் அலாரம் வைத்துக்கொண்டு முறைபோட்டுப் புரட்டினோம். புண் ஆற ஏழு மாதம் ஆனது. அண்ணன் இப்போது வீல்சேரில் உட்கார்ந்தபடி தெருமுனையில் செல்போன் ரீசார்ஜ் கடை நடத்துகிறார்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் குட்மனின் அந்த முறையை மணிக்கணக்கோடு சின்னக் கட்டமாகப் போடுங்கள். மரம் ஏறுகிறவர்கள் இருக்கும் வீடுகளில் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். எந்தப் பக்கம் எப்போது படுக்க வைப்பது என்று எங்கள் அம்மா எழுதி வைத்த காலண்டர் தாள் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பட்டுக்கோட்டை